கட்டுரை அச்சேற இரண்டே முக்கால் லட்சம்

பாபநாசத்துக்குக் கிழக்கே குடமுருட்டிப் பாசனத்தில் தமிழ்நிலாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘பூச்சி டீச்சர்’ என்றால்தான் தெரியும். அரசுக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்பது பதவியின் பெயரில் மட்டும்தான். சம்பளம் பதினோரு மாதத்துக்கு வரும், மே மாதம் வராது, ஜூன் மாதம் மறுபடி வேலை உண்டா என்பது ஜூன் மாதம்தான் தெரியும். இப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

அவளுடைய அப்பா இளையபெருமாள் வாலிபத்தில் பிறத்தியார் வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். பிறகு குத்தகைக்கு எடுத்து, அப்புறம் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், சொந்தமாக வாங்கினார். மகள் முனைவர் பட்டம் வாங்கிய அன்று, “டாக்டருன்னா ஊசி போடாத டாக்டரு” என்று டீக்கடையில் அவரே முந்திக்கொண்டு விளக்கம் சொன்னார், வேறு யாரும் கேலி செய்வதற்குள்.

பட்டம் வாங்கியபின் தமிழ்நிலா சும்மா இருக்கவில்லை. நெல்வயல் சிலந்திகளை எண்ண ஆரம்பித்தாள். அரை மீட்டர் நீள பிவிசி குழாய்களால் ஒரு சதுரச் சட்டம் செய்துகொண்டு, விடிந்தும் விடியாததுமாகப் பனி காய்வதற்குள் வயலில் இறங்குவாள். சட்டத்தைப் பயிருக்குள் போட்டு, அதற்குள் எத்தனை சிலந்தி, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி எத்தனை என்று தூர் தூராக விலக்கி எண்ணிக் குறிப்பாள். எட்டரை மணிக்குக் காலைக் கழுவிக்கொண்டு கல்லூரிப் பஸ்ஸைப் பிடிப்பாள். மூன்று வருஷம், குறுவையிலும் தாளடியிலும், ஆறு குடும்பங்களின் வயல்களில் இது நடந்தது. மூன்று குடும்பத்தார் நட்ட பதினைந்தாம் நாளே மருந்து அடிப்பவர்கள். மற்ற மூன்று பேர் நாற்பது நாள்வரை பொறுப்பவர்கள்.

“என்னத்தம்மா எண்ணுற?” என்று அந்த ஆறு பேரில் ஒருவரான மருதையன் வரப்பில் நின்று கேட்பார். “எட்டுக்கால் பூச்சிய எண்ணி எந்த மில்லுல போடப்போற?”

“முடியட்டும் பெரியப்பா, சொல்றேன்.”

முடிந்தபோது சொல்ல அவளிடம் உறுதியான ஒன்று இருந்தது. முன்கூட்டியே மருந்து அடித்த வயல்களில் முதலில் செத்தவை சிலந்திகள். கதிர் வாங்கும் நேரத்தில் புகையான் வந்து அடித்தூரில் உட்கார்ந்தபோது அதைத் தின்ன அங்கே ஆளில்லை. வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்தது. பொறுத்தவர்களின் வயலில் சேதம் பாதிக்கும் கீழே. இந்த மாதிரி நடக்கும் என்று அறிவியலுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் இந்த மண்ணில், இந்த ரகங்களில், ஆறு போகத்துக் கணக்கோடு யாரும் எழுதவில்லை.

எழுதினாள். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். அந்த இதழைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், கும்பகோணம் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியலுக்கு நிரந்தர இடம் காலியாகப் போகிறது என்ற பேச்சு. அங்கே அங்கீகரித்த பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்திருந்தால்தான் மதிப்பெண்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, துறை அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. தமிழ்நிலா எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள், பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னாள். கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் போண்டா வந்தது. போண்டா தீர்வதற்குள் இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. பிரசுரக் கட்டணம் நம் பணத்தில் இரண்டே முக்கால் லட்சம். முப்பது நாளுக்குள் செலுத்த வேண்டும்.

எண்ணை இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவளுடைய பதினோரு மாதச் சம்பளமும் அதுவும் ஒன்று. கட்டணம் உண்டு என்பது இதழின் வலைப்பக்கத்தில் எங்கோ போட்டிருந்தது அவளுக்குத் தெரியும். ஏழை நாட்டு ஆய்வாளர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்றும் போட்டிருந்தது. அதை நம்பித்தான் அனுப்பினாள். தள்ளுபடி கேட்டு எழுதினாள். தன் மாதச் சம்பளத்தைக்கூடக் கூச்சத்தை விட்டுக் குறிப்பிட்டாள். இரண்டு நாளில் கனிவான பதில் வந்தது. பட்டியலில் உங்கள் நாடு இல்லை, வருந்துகிறோம், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறோம்.

வீட்டில் சொன்னாள். கணவன் செழியன் அறுவடை இயந்திரங்களுக்கு மெக்கானிக். அவன் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, “பழைய டாடா ஏஸ் வண்டிய வித்துடலாமா?” என்றான்.

“எதுக்கு விக்கணும்?” என்று அவள் சீறினாள். அவன்மேல் கோபமில்லை என்று அவனுக்கும் தெரியும். “மூணு வருஷம் எண்ணுனது நான். எழுதுனது நான். அந்த இதழுக்காகப் படிச்சுப் பாத்துத் தப்புச் சொன்ன மூணு வெளிநாட்டு வாத்தியாருங்களுக்கும் அவங்க ஒத்தப் பைசா குடுக்கல. அப்புறம் எதுக்கு நான் குடுக்கணும்?”

இளையபெருமாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். “நாம வெளைய வெச்ச நெல்ல நாமளே வண்டி புடிச்சு ஏத்திட்டுப் போயி, கொள்முதல்காரனுக்குப் பணமும் குடுத்து, நெல்லையும் குடுத்துட்டு வர்ற மாதிரியில்ல இருக்கு.”

அவள் அழுகிற நிலையிலிருந்து சிரித்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை தாராசுரத்தில் இருக்கும் தன் நெறியாளர் ரகுராமன் வீட்டுக்குப் போனாள். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆனவர். இதழின் கடிதத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

“நான் போட்ட அத்தனை பேப்பருக்கும் தபால் செலவுதாம்மா ஆச்சு” என்றார். “அப்ப லைப்ரரில காசு குடுத்து வாங்கிப் படிச்சாங்க. இப்ப படிக்கிறவனுக்கு இலவசம், எழுதுறவனுக்கு அபராதம். எப்படி மாறுச்சுன்னே எனக்குப் புரியல.” பிறகு தயங்கி, “அன்பரசன்னு என் பழைய ஸ்டூடன்ட். ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சிப் பிரிவு டைரக்டரா இருக்கான். பேசிப் பாக்கிறியா?” என்றார்.

போனாள். கண்ணாடிக் கட்டடம், குளிர்ந்த அறை. சுவரில் வருஷவாரியாகக் கட்டுரை எண்ணிக்கை ஏறுமுகமாகக் காட்டும் ஒரு படம். அன்பரசன் மரியாதையானவர். காபி வரவழைத்தார், கட்டுரையை உண்மையாகவே படித்திருந்தார்.

“நல்ல வேலை மேடம். ஃபீஸ் முழுசா நாங்க கட்டிடறோம்” என்றார். “ரெண்டு விஷயம்தான். எங்க யுனிவர்சிட்டி பேர்ல வரணும். எங்க டீன் பேரு முதல்ல, என் பேரு கடைசில. நீங்க நடுவுல.”

“எண்ணுனது நான் சார்.”

“தெரியும் மேடம். யாரு இல்லேன்னாங்க?” அவர் குரலில் ஏளனம் இல்லை, களைப்புதான் இருந்தது. “எனக்கு வருஷத்துக்கு இத்தனை பேப்பர்னு டார்கெட். தரவரிசை எறங்குனா அட்மிஷன் எறங்கும். அட்மிஷன் எறங்குனா என் சீட்டுல வேற ஆளு. நீங்களும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்று நாற்பது நிமிஷம் யோசித்தாள். நடுவில் என்றாலும் பெயர் பெயர்தானே, மதிப்பெண்ணில் பாதியாவது வரும். போனை எடுத்து, சரி என்று சொல்லிவிட்டாள்.

நான்கு நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து திருத்திய பிரதி அனுப்பியிருந்தார்கள், ஒப்புதல் கேட்டு. முதல் பக்கத்தில் பெயர்கள் பேசியபடியே இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஆறு குடும்பத்தாருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதியிருந்தாள். அது முழுதும் போய், பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அதையும் விழுங்கியிருப்பாளோ என்னவோ. ஆனால் இரண்டாம் பக்கத்தில், ‘விவசாயிகளின் வயல்களில்’ என்றிருந்த இடமெல்லாம் ‘பல்கலைக்கழக ஆய்வுத் திடலில்’ என்று மாறியிருந்தது.

அன்பரசனைக் கூப்பிட்டாள். “சார், உங்க திடல்ல நான் காலே வெக்கலையே.”

“அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மேடம். பணம் நாங்க கட்டறப்ப, எடமும் எங்களுதுன்னு இருந்தாத்தான் ஆடிட்ல கேள்வி வராது.”

“மருதையன் வயல்னா மருதையன் வயல்தான் சார். இது பொய்யி. நாளைக்கு யாராவது வந்து பாக்கணும்னு கேட்டா எந்த வயலக் காட்டுவீங்க?”

“யாரும் வர மாட்டாங்க மேடம்” என்றார் அவர். அதைச் சொன்ன விதம்தான் அவளைச் சுட்டது. அவர் சொன்னது உண்மை. யாரும் வரப்போவதில்லை.

வேண்டாம் என்றாள். கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த இதழுக்கும் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். ரகுராமனிடம் சொன்னபோது அவர், “அன்பரசனுக்கு நான்தாம்மா ஆராய்ச்சி சொல்லிக் குடுத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து அதே இதழிலிருந்து மறுபடி ஒரு கடிதம். சிலந்தி பற்றி வேறு யாரோ எழுதிய கட்டுரை வந்திருக்கிறது, இத்துறையில் தங்கள் புலமையை அறிவோம், பத்து நாளுக்குள் படித்து மதிப்பிட்டுத் தர முடியுமா, ஊதியம் ஏதுமில்லை. தமிழ்நிலா அதைத் துறை அறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கட்டணம் உண்டு, இவ்வளவு என்று ஒரு தொகை போட்டுப் பதில் அனுப்பினாள். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று இயந்திரப் பதில் ஒன்று வந்தது.

கட்டுரை கடைசியில் இங்கேயே, பூச்சியியல் சங்கம் ஒன்று ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சிறு இதழுக்குப் போயிற்று. கட்டணம் கிடையாது. ஆசிரியர் ஸ்ரீரஞ்சனி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியை. மூன்று பக்கம் கேள்வி எழுதி அனுப்பினார். இரண்டாம் வருஷத் தாளடிக் கணக்கு எங்கே, நான்காம் அட்டவணையில் கூட்டல் உதைக்கிறதே, ஓநாய்ச் சிலந்தியையும் நீள்தாடைச் சிலந்தியையும் ஏன் சேர்த்து எண்ணினீர்கள்? அட்டவணையில் தவறு இருக்கத்தான் செய்தது. வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேரும் அதைப் பார்க்கவில்லை. தமிழ்நிலா பழைய நோட்டுகளை எடுத்து ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்தாள். அந்த ஒரு வாரம்தான் இந்த வியாபாரம் முழுதிலும் அவள் ஆராய்ச்சி செய்த மாதிரி இருந்தது.

இதழ் வந்தபோது ஆறு பிரதி எடுத்து, தான் கண்டறிந்ததைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதிச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மருதையன் ஆங்கிலப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார்.

“எதும்மா எம் பேரு?”

காட்டினாள். அவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே தமிழ்ப் பக்கத்தை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “அப்ப பதினஞ்சாம் நாளு அடிக்கிறது தெண்டம்கிற” என்றார். “மருந்துக்கடைக்காரன் வேற சொல்றானே.” அடுத்த போகம் பொறுத்துப் பார்ப்பேன் என்று அவர் சொல்லவில்லை. பார்க்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த நிரந்தர இடத்துக்கு நேர்காணல் பிப்ரவரியில் நடந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கோப்பைப் புரட்டினார்.

“இந்த ஜர்னல் லிஸ்ட்ல இல்லையேம்மா.”

“இல்லைங்க சார். பட்டியல்ல இருக்கிற ஜர்னல்ல ஏத்துக்கிட்டாங்க. அந்தக் கடிதம் அடுத்த பக்கத்துல இருக்கு. பணம் கட்ட முடியாம எடுத்துட்டேன்.”

“ஏத்துக்கிட்டதுக்கு மார்க் கிடையாதே. வந்திருந்தாத்தான்.”

“சார், கட்டுரைல என்ன இருக்குன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்க வாயெடுத்தார். அதற்குள் நடுவில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்து, “வெளில இருபத்தி மூணு பேரு இருக்காங்கம்மா” என்றார்.

வேலை இன்னொருவருக்குப் போனது. ஒரே வருஷத்தில் பதினோரு கட்டுரை போட்டவர் என்று பேசிக்கொண்டார்கள். தமிழ்நிலா அந்தப் பதினொன்றையும் தேடினாள். காசு கட்டாமல் நான்கைத்தான் திறந்து படிக்க முடிந்தது. இரண்டு கட்டுரையில் ஒரே அட்டவணை அப்படியே இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் கணினியை அணைத்தாள்.

ஜூன் மாதம் கௌரவ விரிவுரையாளர் ஆணை மறுபடி வந்தது. கையெழுத்துப் போட்டாள். கல்லூரி திறந்த இரண்டாம் வாரம், மூன்றாமாண்டு மாணவி கயல்விழி ஆய்வகத்தில் எல்லோரும் போனபின் நின்றாள்.

“மேம், நான் எம்எஸ்ஸி முடிச்சுட்டு உங்கள மாதிரி பிஎச்டி பண்ணலாமா?”

இந்தக் கேள்வியை வருஷத்துக்கு இரண்டு பெண்களாவது கேட்பார்கள். பண்ணு என்று அவள் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்.

இந்தத் தடவை, “எதப் பத்தி?” என்று கேட்டாள்.

“எங்க ஊரு வாய்க்கால்ல ஒரு நத்தை மேம். ரோஸ் கலர்ல கொத்துக் கொத்தா முட்டை வெக்குது. முன்னாடில்லாம் இல்லேங்கிறாங்க.”

“எங்க பாத்த? தண்ணிக்கு எவ்வளவு மேல?”

கயல்விழி போனில் படம் காட்டினாள். தமிழ்நிலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எந்த மதகு, எந்த மாதம், எத்தனை கொத்து, நாற்றைக் கடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கும்வரை பேசினார்கள். கயல்விழி முதலில் கேட்ட கேள்விக்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் அதை மறுபடி கேட்காமல் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.