கம்பளி போர்த்திய ஹார்ட் டிஸ்க்

போன வாரம் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பொருத்திக் கொடுக்க ஹட்டன் கடையிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தார். வயரெல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டு, "ரெடி சார், வந்து பாருங்க" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் கேத்தலை வைத்தேன்.

"சார், மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு..."

"ஓடட்டும். அரை மணி நேரம் கழிச்சுத் தொடுவோம். டீ குடிக்கிறீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்த ஆளுக்கா வாரா வாரம் எழுத இடம் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். இந்தக் காலத்து மெஷினுக்கு அந்த அரை மணி நேரம் தேவையில்லை. எனக்கும் தெரியும். ஆனால் கை கேட்பதில்லை. ஏன் என்று அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் என் மானம் போகும். பரவாயில்லை, நீங்கள்தானே.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கொழும்பு ஆபீஸ்களில் கழித்துவிட்ட மெஷின்கள்தான் மலைக்கு ஏறி வரும். ஹார்ட் டிஸ்க் இருபது எம்.பி. இன்று நாலைந்து பாட்டுக்கே காணாது. அதுவும் ஆமை வேகம்.

ஏன் அப்படி? திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிக்கொண்டே பிள்ளைகள் வரிசையாகப் பெயர் சொல்கிறார்கள். நீங்கள் கீழே நின்று எழுதுகிறீர்கள். முதல் பெயரை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது பிள்ளை தாண்டிப் போய்விடுகிறது. அது திரும்பி வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். டிஸ்க்கிலும் அதே கதைதான். என்ன செய்யலாம்? எழுதும் வேகத்துக்கு ஏற்றபடி பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைக்கலாம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே சரியான இடைவெளி விட்டால் ஒரு பெயரும் தப்பாது.

இதற்குத்தான் ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர் RATTINAM. அந்தக் காலத்தில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்துதான் அனுமதி. சரியாக எட்டு! அதிலேயே எனக்குப் பாதித் திமிர் வந்துவிட்டது. மீதித் திமிர், வகுப்பிலிருந்த மெஷின்கள் இரண்டு மூன்று மடங்கு வேகமாக ஓடியபோது வந்தது.

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. இடம் மாற்ற வேண்டுமென்றால் ஒரு வட்டத்திலுள்ள பிள்ளைகள் எல்லாரையும் முதலில் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரம் கரன்ட் போனால்... அவ்வளவுதான். எல்லாம் கீழே.

ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் இருந்தார். தோட்டத்தில் ஐடென்டி கார்ட் இல்லாதவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தார். அந்த யுத்த நாட்களில் ஐடென்டி இல்லாமல் செக் பாயிண்டைத் தாண்டுவது என்றால் என்ன என்று வயது வந்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி விவரம் எழுதி வந்து கம்ப்யூட்டரில் டைப் செய்தவள் வசந்தி. தோட்டத்து நலன்புரி ஆபீஸில் கிளார்க். சுமார் முந்நூறு பேரின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பழைய தோட்டப் பதிவு நம்பர். அவளுடைய தம்பியும் அந்த முந்நூறில் ஒருவன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். ஐடென்டி இல்லாததால் இரண்டு முறை பொலிஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை விண்ணப்பங்களை வாங்க அரசாங்கத்தின் நடமாடும் சேவை அந்தப் பாடசாலைக்கே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்க வேண்டும். நலன்புரி ஆபீஸ் மெஷினோ ஒரு பக்கம் திறக்க ஒரு யுகம் எடுக்கிறது. மாஸ்டர் ஆள் அனுப்பினார். நான் சனிக்கிழமை காலை புரோகிராம் இருந்த பிளாப்பி டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆபீஸில் பல்பு மினுக்கு மினுக்கு என்றது. இந்தக் கரன்ட்டில் என் ராட்டினத்தைச் சுற்ற முடியுமா? நான் அவ்வளவு முட்டாளா? சொந்த ஜெனரேட்டர் உள்ள இடம் தேயிலை ஃபேக்டரி. மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். கொழுந்து காயவைக்கும் டிரையருக்குப் பக்கத்தில் ஒரு மேசை கிடைத்தது. நல்ல வெக்கை. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

"சார், ஒரு காப்பி எடுத்துக்கிருவோமா? ரெண்டு பிளாப்பி போதும்" என்றாள் வசந்தி.

நான் சிரித்தேன். "என் புரோகிராம்ல இதுவரைக்கும் ஒரு எழுத்துக்கூடப் போனதில்லம்மா" என்றேன்.

சொன்னபடியே பின்னேரம் முடிந்தது. மெஷின் பறந்தது. ஒரு பக்கம் கேட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது. மாஸ்டர் என் தோளில் தட்டினார். மெஷினை ஆபீஸில் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டு, மாஸ்டர் குவாட்டர்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் கதவு தட்டப்பட்டது. வசந்தி. மூச்சு வாங்க, "சார், மெஷின் என்னமோ இங்கிலீஷ்ல கேக்குது" என்றாள்.

ஓடினேன். 'செக்டர் நாட் ஃபவுண்ட். அபோர்ட், ரீட்ரை, ஃபெயில்?' தேடிய இடம் கிடைக்கவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று கேட்கிறது. ரீட்ரை கொடுத்தேன். கர்ர்ர்... மறுபடி அதே கேள்வி. இன்னொரு ஃபைலைக் கேட்டேன். அதே பதில்தான். ஆபீஸுக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. எனக்கு மட்டும் வேர்த்தது.

மாஸ்டர் பின்னாலேயே வந்துவிட்டார். "என்ன தம்பி, நேற்று நல்லா ஓடினதெல்லோ? நாளைக்குச் சனம் வந்து நிக்கப்போகுது. நான் அவையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"எழுதிட்டு வந்த பேப்பர் எல்லாம் எங்க வசந்தி?"

"டைப் பண்ண பண்ண அடுப்புல போட்டுட்டேன் சார். வெறகு எல்லாம் ஈரம்" என்றவள், திரையைப் பார்த்தபடியே, "தம்பி போன மாசமும் ஒரு ராத்திரி உள்ள இருந்தான்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ராட்டினத்தை இன்னொரு முறை ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. பிளாப்பியைப் போட்டேன். பெயரை டைப் செய்தேன். எண்டரை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

"சார், கொஞ்சம் இருங்க" என்றாள் வசந்தி. "நேத்து ஓடுன மெஷின். ராத்திரி பூட்டித்தான் இருந்துச்சு. யாரும் தொடல. குளுரு மட்டுந்தான் சார் உள்ள பூந்திருக்கு. நேத்து அங்கிட்டு எவ்வளவு வெக்கையா இருந்துச்சு!"

எண்டருக்கு மேலே இருந்த விரலை எடுத்தேன்.

அவள் சொன்னதுதான் சரி. டிஸ்க்கின் உள்ளே தகட்டைப் படிக்கும் கை உலோகம். சூட்டில் மயிரிழை அளவு நீளும், குளிரில் சுருங்கும். நான் பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைத்தது டிரையர் வெக்கையில். இப்போது ராகலைக் குளிரில் கை வேறு இடத்தில் போய்த் துழாவுகிறது. எண்டரை அமுக்கியிருந்தால் அந்த வேறு இடத்திலேயே புது வட்டம் போட்டு, முந்நூறு பேரையும் துடைத்து எறிந்திருப்பேன். கரன்ட்டுக்குப் பயந்து ஃபேக்டரிக்குத் தூக்கிப் போன என் கெட்டிக்காரத்தனத்தை என்ன சொல்வது?

"நேத்து வெச்ச எடத்துக்கே தூக்கிட்டுப் போவோமா சார்?"

"இன்னைக்கு ஞாயிறு. டிரையர் ஓடாதே?"

அவள் வெளியே போனாள். திரும்பி வரும்போது கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் மழைக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளிகள் மூன்று அவள் தோளில் இருந்தன. மெஷினை ஓடவிட்டு, மூன்றையும் சுற்றிப் போர்த்தினோம். இரண்டு பக்கமும் வெந்நீர்ச் சட்டிகள். காய்ச்சல் கண்ட பிள்ளையைச் சுற்றி உட்காருவது போல உட்கார்ந்தோம். மாஸ்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

கால் மணி நேரம். ரீட்ரை. கர்ர்ர்... இல்லை.

அரை மணி நேரம். ரீட்ரை. கர்... டிக். ஃபைல் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

யாரும் சத்தம் போடவில்லை. மூச்சு விட்டால்கூடக் குளிர்ந்துவிடுமோ என்று பயம். வசந்தி பிளாப்பியை நீட்டினாள். காப்பி எடுத்து முடியும்வரை கம்பளியை யாரும் அசைக்கவில்லை. ஒரே ஒரு இடம் மட்டும் எத்தனை ரீட்ரை கொடுத்தும் வரவில்லை. அதில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

"எட்டே எட்டுதான்!" என்றேன். வெட்கமில்லாமல் சந்தோஷமாகச் சொன்னேன்.

வசந்தி லிஸ்டைப் பார்த்தாள். அந்த எட்டில் ஒருவன் அவள் தம்பி. அவன் விவரம் அவளுக்கு மனப்பாடம், டைப் செய்துவிட்டாள். மற்றவர்களுக்காகக் கம்பளியில் ஒன்றை உருவித் தலையில் போட்டுக்கொண்டு மழையில் தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்கு லயத்துக்கு ஏறினாள். நானும் பின்னால் போனேன். ஆறு பேர் கிடைத்தார்கள். ஏழாவது ஆள் முத்தையா, தனிக்கட்டை, கொத்மலைப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போயிருந்தார். பதிவு நம்பர் யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை அவர் இல்லாமலே முடிந்தது.

அதற்குப் பிறகு ராட்டினத்தை மாற்றி எழுதினேன். காப்பி எடுக்காவிட்டால் ஓட மாட்டேன் என்று அடம் பிடிக்கும். எடுத்தாலும், மெஷினைப் போட்டு அரை மணி நேரம் ஆகாமல் டிஸ்க்கைத் தொடாது. அதுவும் மெஷின் வழக்கமாக இருக்கும் இடத்தில்தான் ஓட்ட வேண்டும் என்று முதல் திரையிலேயே எழுதி வைத்தேன். வேகம் கூட்டும் புரோகிராம் முதல் வேலையாகச் சும்மா இருக்கச் சொன்னால் யார் வாங்குவார்கள்? கொழும்புக் கடைக்காரர் ஒருவர் அந்த அரை மணியை எடுத்துவிடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவரும் வாங்கவில்லை.

வசந்தியின் தம்பிக்கு ஐடென்டி வந்தது. முத்தையாவுக்கு அடுத்த நடமாடும் சேவையில்தான் கிடைத்தது. அதற்கு ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆனது. அதுவரை செக் பாயிண்டுக்குப் பயந்து மனுஷன் டவுன் பக்கமே வரவில்லையாம்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். டிஸ்க், சூடு, குளிர், என் திமிர், எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப மெஷினு வேகமா ஓடுதுங்களா தம்பி?"

"ஓடுதுண்ணே" என்றேன்.