மேசைக்கு வளர்த்த பச்சை

என் மகளின் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த வேலை மேசை அலங்காரம். பந்தக்கால் நட ஆள் இருந்தது, மஞ்சள் இடிக்க ஆள் இருந்தது, ஆரத்தி கரைக்கவும் ஆள் இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை. கணவர் இறந்த பிறகு நல்ல காரியத்தில் என் கை படக்கூடாது என்று யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் தட்டைத் தூக்குவதற்குள் யாராவது ஓடிவந்து அன்பாக வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் விருந்தாளிகள் உட்காரும் மேசைக்குச் சாஸ்திரம் கிடையாது. "டேபிள் டெகரேஷன் ஃபுல்லா உன் பொறுப்பும்மா" என்று மகள் சொன்னபோது எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

எனக்கு நிம்மதி இல்லை, வெறி. பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் இது அம்மா செய்தது என்று சொல்ல ஒரே ஒரு பொருளாவது இருக்க வேண்டாமா? அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

மண்டபம் மாமல்லபுரம் போகிற வழியில், கடலை ஒட்டி. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை வரவேற்பு, திறந்த புல்வெளியில். அலங்காரக்காரர் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். ரோஜா, ஆர்க்கிட், பெயர் தெரியாத வெள்ளைப் பூக்கள். உப்புக் காற்றில் இதெல்லாம் பந்திக்கு முன்பே தொங்கிப்போகும் என்றேன். உடனே பிளாஸ்டிக் பூவுக்குத் தாவினார். பிளாஸ்டிக் பூவை என் கணவர் படத்துக்கே நான் மாட்டியதில்லை. மெழுகுவத்தி வைத்தால் காற்றில் அணையும், அணைந்தால் அபசகுனம் என்று அதற்கொரு பஞ்சாயத்து நடக்கும். கல்லில் செதுக்கிய குட்டி யானை வைக்கலாமா என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீங்க, சாப்ட்டுகினே பாக்கெட்ல போட்டுகினு பூடுவாங்க" என்றார். அதுவும் சரிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படூரில் என் வீட்டிலிருந்து பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன், கிளிஞ்சல் பார்க்க. கடைக்காரப் பெண் "எத்தினி பேரு வந்துகிறீங்க?" என்று கேட்டாள். நான் மட்டும்தான் என்றதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கிளிஞ்சல் பார்க்க அழகுதான், மூக்கருகில் கொண்டுபோனால் கருவாட்டு நெடி. வெறுங்கையோடு திரும்பும்போது இளம் ஜோடி ஒன்று போனை என் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக்கொடுத்தேன். அவர்கள் பதிலுக்கு "உங்களை எடுக்கட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் வேண்டாம் என்றேன்.

வழி காட்டியது என் சமையலறைதான். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து நான் ஒருத்திக்குச் சமைக்கிறேன், அதாவது பாதி நாள் சமைப்பதில்லை. சுண்டலுக்கென்று ஈரத்துணியில் கட்டி வைத்த பச்சைப்பயறை அப்படியே மறந்துபோனேன். கவனித்தபோது துணியைப் பிய்த்துக்கொண்டு வெளிறிய குருத்து எட்டிப் பார்த்தது. சட்டென்று பொறி தட்டியது. சின்ன மண்கிண்ணங்களில் பயறும் நெல்லும் விதைத்தால் வரவேற்புக்குள் தளதளவென்று வளர்ந்துவிடும். காற்றடித்தால் ஆடும், வாடாது. வாசனை வம்பும் இல்லை.

கேளம்பாக்கத்தில் கிண்ணங்கள் வாங்கினேன். ஒத்திகைக்கு ஒரு முறை வளர்த்துப் பார்த்து, நாள் கணக்குப் பிடிபட்டதும் பால்கனி முழுக்கப் பரப்பினேன். காலையில் எழுந்தால் தண்ணீர் தெளிக்க ஓர் உயிர் இருக்கிறது என்பதே பெரிய விஷயமாக இருந்தது. நான் பேசினேன்கூட. கிண்ணங்களோடுதான்.

வரவேற்புக்குச் சில நாள் முன்னால் நாத்தனார் திருப்போரூரிலிருந்து ரவிக்கைகளைக் கொடுக்க வந்தாள். பால்கனிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணி இது?"

"மேசைக்கு. எப்படி இருக்கு?"

"அண்ணி, இது பாலிகையாச்சே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு முன் மண்பாத்திரத்தில் தானியம் தெளித்து, முளைக்கவிட்டு மணவறையில் வைப்பார்களே, அதேதான். சுமங்கலிகள் மட்டுமே தெளிக்கலாம். முளை செழித்தால் வம்சம் செழிக்கும் என்பார்கள். கணவர் போனதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் கடைசி வரிசையைத் தாண்டாதவளுக்கு மணவறையில் என்ன வைப்பார்கள் என்பது எங்கே நினைவிருக்கும்?

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். "ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க அண்ணி. மேல ரெண்டு தானியம் தூவி, நான் தண்ணி தெளிச்சிடறேன். என் கையால போட்டதா ஆயிடும்" என்றாள். பொறு என்றேன். பெண்ணைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

"பொட்டு வெச்சிக்கோம்மா, எவ கேக்கறான்னு பாத்துடலாம்" என்று என்னோடு சண்டை போட்டவள் என் மகள். இதைக் கேட்டால் சிரிப்பாள் என்று நம்பி போன் போட்டேன். அவள் மெதுவாக, "அத்தை சொல்ற மாதிரியே பண்ணிடலாம்மா. எதுக்கு ரிஸ்க்?" என்றாள்.

சரிம்மா என்று வைத்துவிட்டேன். ரிஸ்க் என்றால் நான்தான் என்று புரிந்துகொள்ள இங்கிலீஷ் படித்திருக்க வேண்டியதில்லை. நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கிண்ணமாகத் தூவித் தெளித்தாள். நான் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து தரையில் வைத்தேன்.

வரவேற்பன்று மேசைகள் எல்லாம் பச்சையாக இருந்தன. கடற்காற்று வீச வீச முளைகள் சாய்ந்து நிமிர்ந்தன. சாப்பிட வந்தவர்கள் படம் எடுத்தார்கள், குழந்தைகள் தடவிப் பார்த்தார்கள். கூட்டம் குறைந்ததும் மணமக்கள் சாப்பிட இறங்கி வந்தார்கள்; மகள் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். செங்கல்பட்டுச் சம்பந்தியம்மா எங்கள் எதிரில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"யாரு போட்டது இது? பாலிகை கணக்கா இன்னா அழகா கீது!"

நான் வாயைத் திறந்தேன். மகள் முந்திக்கொண்டாள். "அப்பாவோட தங்கச்சி போட்டாங்க."

"அதான பாத்தேன். ராசியான கை. ஒண்ணு நம்ம வூட்டு பூஜை ரூமுக்கு எடுத்துக்கறேன் சம்பந்தி" என்றார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். நகையும் பட்டுமாக ஜொலித்துக்கொண்டிருந்தவளின் கண்ணில் அத்தனை பயம், நான் எங்கே உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று.

"ஆமாம் சம்பந்தி, அவ கை பட்டா எதுவும் வளரும். தாராளமா எடுத்துக்குங்க" என்றேன்.

மகள் மூச்சுவிட்டாள். மேசைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள், நன்றி சொல்வதுபோல. ஆளில்லாத அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அவள் கை என் கையைப் பிடித்திருந்த அந்த நிமிஷத்தில் இருந்ததுபோல் தனியாக ஒருநாளும் இருந்ததில்லை.