நான்கு மூலையிலும் உட்கார்ந்து பார்த்த கார்

வெயிலில் காய்ந்த இரும்பு பம்பரில் உட்கார்ந்தால் பாவாடையையும் தாண்டிச் சூடு ஏறும். அந்தச் சூட்டை இன்று நினைத்தாலும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. பதினோரு வயதில் நான் ஜெயித்த ஒரே போட்டி அந்த பம்பரின் மேல்தான் நடந்தது.

குரும்பலூரில் எங்கள் தெருவே என்னைப் "பூசணி" என்றுதான் கூப்பிடும். சுமதி என்று பெயர் வைத்ததே வீண். என் அப்பா பெரம்பலூரில் ஒரு வக்கீலின் கார் டிரைவர். தினமும் வண்டியை எடுக்குமுன் நான்கு மூலையையும் ஓங்கி அமுக்கிவிட்டுப் பார்ப்பார். "அமுக்குனா ஒரு தரம் எந்திரிச்சு அடங்கிடணும். ஆடிக்கிட்டே இருந்தா அது காரு இல்ல, தூளி" என்பார். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற, சக்கரத்துக்கு உட்புறம் நிற்கும் குழாய்க்கு அவர் வாயில் "ஷாக்கப்சர்" என்று பெயர். லீவு நாளில் நானும் கூடப் போய், கையில் அவ்வளவு பலம் இல்லாததால், பம்பரில் தொப்பென்று உட்கார்ந்து குதித்து இறங்கி, வண்டி அடங்குகிறதா என்று பார்ப்பேன்.

அந்த வருஷம், ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வழி நெடுகச் சுண்ணாம்புக்கல் லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளங்கள். அக்காவோ முன்பு ஒரு முறை கரு தங்காமல் போனவள், உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ் பேச்சையே எடுக்காதே, என் மகளை என் சொந்தக் காரில்தான் கூட்டி வருவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அரியலூரில் ஒரு பழைய வெள்ளைக் கார் விலைக்கு வந்தது. அப்பா, என் தாய்மாமா, நான் மூன்று பேரும் பார்க்கப் போனோம்.

விற்கிறவர் சாமர்த்தியசாலி. காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வரை வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார். மாலை போட்ட வண்டியைக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் அபசகுனம். ஊரார் வண்டியையெல்லாம் அமுக்கிப் பார்க்கிற என் அப்பா, சொந்தக் கார் என்றதும் கையைக் கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

நான் நேரே போய் முன்பக்க வலது மூலையில் உட்கார்ந்து குதித்து இறங்கினேன். கார் எழுந்தது, குனிந்தது, மறுபடி எழுந்தது, பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தது.

"பாப்பா, பாப்பா, பூசை போட்ட வண்டி, தள்ளிப் போ!" என்று விற்கிறவர் பதறினார்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தப் பூசணி உக்காந்தா எந்த வண்டிதான் ஆடாது? திருஷ்டி சுத்திப் போட காயும் நாமளே கொண்டாந்துட்டோம், மச்சான்!"

அழுகை முட்டியது. அழுதால் நான் பூசணியேதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மீதி மூன்று மூலைக்கும் போய் அதே மாதிரி உட்கார்ந்து குதித்தேன். மூன்றிலும் கார் ஒரே தரம் எழுந்து அடங்கியது.

"இங்கயும் இதே பூசணிதானே உக்காந்தேன்? இங்கல்லாம் ஏன் ஆடல?" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினேன்.

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. மண்டியிட்டு, வலது சக்கரத்துக்கு உட்புறம் கையை நுழைத்துத் துழாவி எடுத்தார். வெளியேதான் பளபளப்பு, உள்ளே குழாயில் எண்ணெய் கசிந்து, அரியலூர்த் தூசி அதில் அப்பி, விரலில் பிசைந்த மாவாய் வந்தது.

"எனக்கே தெரியாதுங்க" என்று இழுத்தார் விற்கிறவர்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு வர்ற வண்டிங்க. முன்னாடி ரெண்டு பக்கமும் ஜோடியா புதுசு போட்டுக் குடுங்க, எடுத்துக்கறேன்" என்றார் அப்பா.

விற்கிறவர் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் போனபோது அப்பா காரைத் தொடாமல் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "சுமதி, உக்காந்து பாரும்மா." உட்கார்ந்தேன், குதித்தேன், அடங்கியது. அடடா, அந்தப் பெருமையை எந்தப் பரிசும் எனக்குத் தந்ததில்லை!

வளைகாப்பு முடிந்து திரும்பும்போது அக்கா பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அப்பா பள்ளம் பார்த்து மெல்ல இறக்குவார். வளையல்கள் "க்ளிங்" என்று ஒரு தரம் சொல்லும், அடங்கிவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டு வந்தேன். அக்கா தூங்கியே போனாள். "அட, வூடு வந்துருச்சா?" என்று குரும்பலூரில்தான் கண் விழித்தாள்.

அன்று அவள் வயிற்றில் வந்த யாழினி, போன வாரம் பெரம்பலூரில் பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறாள். "சித்தி, நீங்க வந்து பாத்தாத்தான் எடுப்பேன்" என்று போன். போனேன். பம்பர் பிளாஸ்டிக், உட்கார்ந்தால் கையோடு வந்துவிடும். சக்கரத்துக்கு மேலே நான்கு மூலையையும் கையாலேயே அமுக்கினேன், அடங்கியது. குனிந்து கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன்.

அந்த இரும்பு பம்பர் இல்லை. வெள்ளைக் காரும் என்றைக்கோ பேரீச்சம்பழத்துக்குப் போயாயிற்று. கூடவே "பூசணி"யும் போய்விட்டது. அதைச் சொல்லிச் சிரித்த மாமாவுக்கு இப்போது தலையெல்லாம் நரை. யாழினியின் காரில் ஏறப் போனவர் கதவைப் பிடித்தபடி நின்று, என்னைப் பார்த்துக் கேட்டார்: "சுமதி, நீ அமுக்கிப் பாத்துட்டியாம்மா? அப்பத்தான் ஏறுவேன்."