மரியநாயகத்தின் கையும் கிளாரினெற்றும்

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிற மரியநாயகத்தின் கைக்குத் தெரிந்தது இரண்டே சாமான். ஒன்று கரைவலைக் கயிறு. மற்றது, இரண்டாம் உலகச் சண்டை முடிந்த கையோடு திருகோணமலையில் பட்டாளத்துச் சாமான் விற்ற இடத்தில் வாங்கிய கிளாரினெற். படிப்பித்தவர் எவருமில்லை, கோயில் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தானே பிடித்துக்கொண்டான். ஊதினால் நெஞ்சு உருகும், அதில் பொய்யில்லை. ஆனால் ஊதும்போது துளைகளை மூடுகிற கீக்கள் போடுகிற சத்தம் இருக்கிறதே, அப்பப்பா!

ஐம்பத்தாறாம் ஆண்டு, யேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு நாடகத்தில்தான் மானம் கப்பலேறியது. மாதா, மகனை மடியில் கிடத்தியிருக்கிறா. சனம் மூச்சுக் காட்டவில்லை. மரியநாயகம் ஊதத் தொடங்கினான், கூடவே 'டக் டக்' என்று கீக்களும் தொடங்கிவிட்டன. முன்னுக்கிருந்த ஒருத்தி, "மாதா அழுகிறா, இவன் அங்காலை இருந்து கச்சான்கடலை உடைக்கிறான்" என்றாள். சனம் கொல்லென்று சிரித்தது. மாதா வேஷக்காரனும் சிரித்துவிட்டான்.

அடுத்த ஆண்டு, பாஸ்குக்கு முந்தின தபசு காலம் தொடங்க முதலே, நாடகம் பழக்குகிற அண்ணாவியார் ஞானப்பிரகாசம் சொல்லிவிட்டார்: "மரியநாயகம், இந்தமுறையும் சத்தம் கேட்டால் அந்தக் கட்டத்துக்கு வயலின்காரனைப் பிடிப்பன். குறை நினையாதை."

குறை நினையாமல் என்ன செய்வது? வருஷம் முழுக்கக் கயிற்றில் இருபது பேரில் ஒருத்தன். அந்த ஒரு கட்டத்தில்தான் அவன் மரியநாயகம்.

மருந்துப் போத்தல் தக்கையைச் சவர அலகால் மெல்லிசாகச் சீவிக் கீக்களுக்கு அடியில் ஒட்டினான். சைக்கிள் ரியூப் துண்டும் வைத்துப் பார்த்தான். ஆடுகிற ஆணிகளை இறுக்கினான், எண்ணெய் விட்டான். பாதிச் சத்தம் போனது. மிச்சப் பாதி அசையமாட்டேன் என்று நின்றது.

கடைசியில் கிளாரினெற்றை அண்ணாவியாரிடமே கொண்டுபோனான். அவருக்குத் தையல் வேலை, பூப்போல விரல். ஒவ்வொரு கீயாக அமத்திப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை!

"எங்கை, உன்ர கையைக் காட்டு" என்று பிடித்துத் தடவினார். கயிறு இழுத்து இழுத்து, நுனி விரல்வரைக்கும் காய்ந்த திருக்கைத் தோல் மாதிரிக் கிடந்தது. "விரலுக்குக் கீ தட்டுப்படுறதே உனக்குத் தெரியேல்லையடாப்பா. அதுதான் போட்டுக் குத்துறாய். பிழை கிளாரினெற்றிலை இல்லை."

மரியநாயகம் நேரே சம்மாட்டியிடம் போய், பாஸ்கு முடியுமட்டும் கயிறு பிடிக்கமாட்டேன், பெண்டுகளோடு கருவாடு காயப்போடுகிறேன் என்றான்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் வலைக்குச் சொந்தக்காரரான அவர். ஆனாலும் விட்டார்.

பெண்சாதி மதலேனா பொரிந்து தள்ளினாள். "இஞ்சாருங்கோ, போன வருஷம் ஊர் சிரிச்சது காணாதோ?" திட்டினாலும், பின்னேரத்தில் அவன் கை ஊற அரிசி கழுவின தண்ணீர் எடுத்து வைத்ததும், தேங்காய் எண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிட்டதும் அவள்தான்.

கயிற்றுக்காரர் "மரியநாயகமக்கா" என்று கூப்பிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மீனைப் பிளந்தான். கை தோலுரிந்தது, பிறகு மெல்ல மெல்ல இளகியது. ஒருநாள் மீன்முள் குத்த, "ஆ!" என்று கத்திவிட்டுச் சிரித்தான். விரலுக்கு உணர்ச்சி வந்துவிட்டது.

பாஸ்கு அன்று பொழுதுபட, மாதா மகனை மடியில் வாங்கினா. மரியநாயகம் ஊதினான். சனம் விம்மியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்து வரும்போது வழியெல்லாம் நாடகக் கதைதான். மாதா அழுத அழுகை, யூதாசின் தாடி கழன்ற கதை. எல்லாம் கேட்டுக்கொண்டு வந்த மதலேனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன.

"தாடியைக்கூடக் கதைக்கினம். உங்களைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"கீச் சத்தத்தைப் பற்றியும் ஒண்டுமே சொல்லேல்லையோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம், ஒண்டுமில்லை."

சந்தோஷத்தில் அவன் கிளாரினெற்றை எடுத்துக் கொஞ்சினான்.

அடுத்த நாள் விடியக் கயிற்றுக்குத் திரும்பினான். முதல் இழுவையிலேயே இரண்டு உள்ளங்கையும் உரிந்து, கயிறு சிவந்தது. சம்மாட்டி வாய்க்கு வந்தபடி ஏசினார். மதலேனா பழஞ்சீலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "இனி வருஷா வருஷம் இப்பிடித்தானோ?"

கை எரிய எரிய, "ஓம்" என்றான்.