வலது கண்ணும் காப்பியடித்த கிருமியும்

எழுபதுகளில் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கடைசி பெஞ்சில் தாவணி மடிப்புக்குள் பிட் அசைந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தத் தலைக்கனத்தோடு திரிந்த எனக்குத்தான் வலது கண் சிவந்தது.

ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. எனக்கும் அதுதான் என்று நானே முடிவு கட்டி, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டேன். இரண்டு நாள் சுகமாக இருந்தது. நான்காம் நாள் போர்டில் நானே எழுதிய எண்கள் புகைமூட்டமாகத் தெரிந்தன.

கண் டாக்டர் மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் கிளை கிளையாகப் புண். நான் விட்டுக்கொண்ட சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினேன்.

"யாரைக் கேட்டு அந்த மருந்தை விட்டீங்க டீச்சர்? அது ஸ்டீராய்டு. வைரஸுக்கு விருந்தே வச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்."

அவர் வேறொரு மருந்து எழுதினார்.

"உதட்டுல கொப்புளம் போடுமே, அதே ஹெர்பிஸ் வைரஸ்தான் இது. நம்ம செல்லுக்குள்ள புகுந்து, தன்னையே காப்பி எடுத்துப் பெருகும். இந்த மருந்து அந்தக் காப்பியில ஒரு தப்பான எழுத்தை நுழைச்சிடும். அப்புறம் அந்தக் காப்பி உருப்படாது."

"ஜலதோஷத்துக்கும் கேக்குமா டாக்டர்?"

"கேக்காது. அம்மைக்கும் காமாலைக்கும் கேக்காது. வைரஸுக்கு மருந்து இருக்கிறதே அபூர்வம். உங்க அதிர்ஷ்டம், இதுக்கு இருக்கு."

காப்பியடிக்கிற கழுதை, அதுவும் என் கண்ணுக்குள்ளேயா! எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

பகலில் மணிக்கு ஒரு சொட்டு. கறுப்புக் கண்ணாடியோடு பள்ளிக்குப் போனேன். மாதா கோயில் கடிகாரம் அடித்ததும் முன் பெஞ்சுப் பெண்கள், "டீச்சர், சொட்டு!" என்று கத்துவார்கள். பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு அண்ணாந்து விட்டுக்கொள்வேன்.

அந்த மாதப் பரீட்சைத் தாளைத் திருத்தினால், எனக்குச் சரியாகத் தெரியாத வலது பக்க வரிசை முழுக்க ஐந்தாம் கணக்கில் ஒரே தப்பு. முதல் பெண் கூட்டலில் சறுக்கியிருக்கிறாள். பின்னால் இருந்த அத்தனை பேரும் அதையே வாங்கி எழுதிக் கவிழ்ந்திருக்கிறார்கள். ஆத்திரத்தை மீறிச் சிரிப்பு வந்தது. டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மூன்றாவது வாரம் டாக்டர் மறுபடி சாயம் விட்டுப் பார்த்தார். புண் ஆறியிருந்தது. வைரஸ் நரம்புக்குள் பதுங்கியிருக்கும், திரும்ப வந்தால் உடனே வாங்க என்று எச்சரித்தார். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது எனக்கு.

அடுத்த பரீட்சைக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனேன். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் வலது வரிசையைப் பார்த்தேன். கடைசி பெஞ்ச் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

"கடைசி பெஞ்ச், எழுந்திரு," என்றேன். "அந்த பிட்டைக் கொண்டா."