மிட்ஃபீல்டரிடம் கேட்கக்கூடாத கேள்வி

நான் கால்பந்து விளையாடிப் பிழைத்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை கோல் போட்டீங்க? ஒன்பது வருஷத்தில் நாலு. அதைச் சொன்னதும் பேச்சு மழைக்கோ ரோட்டுக்கோ போய்விடும். நான் மிட்ஃபீல்டர். பின்னால் நிற்பவர்களிடம் பந்தை வாங்கி முன்னால் ஓடுபவர்களிடம் கொடுப்பது என் வேலை.

வீடு கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மலைக்கு வந்த பிறகும் அன்றாடக் கூலிதான். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் எங்களையும் ஆடவிடுவார்கள். அங்கே நான் கோல் போடுகிறவன். ஒரு போட்டியில் என்னைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூடச் செல்போன் கிடையாது.

சென்னை வெயிலில் முதல் வாரமே மயங்கி விழுந்தேன். தேறி எழுந்ததும் கோச் என்னை முன்வரிசையிலிருந்து நடுவுக்கு மாற்றினார்.

"நடுவுல நான் என்ன சார் செய்யணும்?"

"பாரு."

"எதைப் பாக்கணும்ங்க?"

"பந்து வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பாரு."

சென்னையில் ஆடிய மூன்று வருஷமும் அந்த 'எல்லாம்' எது என்று எனக்கு விளங்கவேயில்லை.

பிறகு கோவாவில் ஒரு கிளப் எடுத்துக்கொண்டது. அங்கே என் இடத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், நல்ல உயரம். நான் மாற்று ஆட்டக்காரனாக வெளியே உட்கார்ந்திருந்ததால் அவனைப் பார்ப்பதுதான் எனக்குச் சோலி. ஒருநாள் பந்தை விட்டுவிட்டு அவனை மட்டுமே பார்த்தேன். பந்து தன்னிடம் வருவதற்குள் அவன் கழுத்து வலது தோளுக்கு மேல் ஒருமுறை, இடது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிவிடும். பந்து வந்ததும், முதுகுக்குப் பின்னால் ஓடுபவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தட்டிவிடுவான். கழுத்து திரும்புவதை எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவனிடமே கேட்டேன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்.

"எப்பவும் மொதல்ல வலது பக்கமே பாக்குறியே, ஏன்?"

அவன் கை சோற்றில் நின்றது. "நானா? நான் எங்கே பார்க்கிறேன்?"

நடித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தான். தன் கழுத்து அப்படித் திரும்புவது அன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அடுத்த ஆட்டத்தில் அவனிடம் வந்த முதல் பந்து காலுக்கடியில் புகுந்து ஓடியது. இரண்டாவதை எதிரணிக்காரனிடமே கொடுத்தான். அதற்கடுத்த ஆட்டமும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்துக்கு அவனை உட்காரவைத்துவிட்டு கோவா கோச் என்னை இறக்கினார். அங்கே தொண்ணூறு நிமிஷமும் நான் ஆடிய முதல் ஆட்டம் அது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கோட்டுக்கு வெளியே துண்டைப் போர்த்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த பக்கமே என் கண் போய்ப்போய் வந்தது.

அன்று சாயங்காலம் என் அறைக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"நீ என் தலைக்குள்ளே ஒரு ஆளை உட்காரவைத்துவிட்டாய்," என்றான். "பந்து வரும்போதெல்லாம் 'இப்போது வலது பக்கம் பார்' என்கிறான் அவன்."

கோபமில்லை, பயந்திருந்தான். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். சரியாக ஆடாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நான் கேட்டிருக்கக்கூடாது," என்றேன்.

"கேட்டுவிட்டாய். இனி நீ பேசு. எதையாவது பேசு. அவன் குரல் எனக்குக் கேட்கக்கூடாது."

மறுநாள் பயிற்சியில் அவன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு பேசினேன். ஓடும்போது ஆங்கிலம் வரவில்லை, எங்கள் ஊர்த் தமிழ்தான் வந்தது. "ஏலே, வெரசா வா, வத்தலக்குண்டு பஸ்ஸு போயிரும்! கவுஞ்சியில பூண்டு காயப்போட்டுக் கெடக்கு, மழை வருது பாரு! அங்கன என்ன சோலி ஒனக்கு, வெரசா வா!" மற்றவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று நினைத்தார்கள். அவனோ ஒரு வார்த்தையும் புரியாமல் கேட்டுக்கொண்டே ஆடினான். மூன்றாம் நாள் அவன் கால் பழையபடி வேலை செய்தது. நாலாம் நாள், "போதும், வாயை மூடு," என்றான்.

கோச் என்ன நினைத்தாரோ, அதற்குப் பிறகு எங்கள் இருவரையும் சேர்த்தே நடுவில் இறக்கினார். அவன் ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்கள்; இரண்டு சீசன் அப்படி ஆடினோம். எந்தப் பழக்கம் தெரிந்ததால் அவன் ஆட்டம் குலைந்ததோ, அதையே நான் வேண்டுமென்றே பழகினேன். என் ஆட்டம் அதனால்தான் தேறியது. ஒருவனைக் கெடுத்தது இன்னொருவனுக்கு எப்படி உதவியது? பல பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அம்மா ஒரே ஒருமுறை கோவாவுக்கு வந்து ஆட்டம் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் கேட்டார்: "என்னாத்துக்குடா பந்து வந்ததும் நெருப்பத் தொட்ட மாதிரி அடுத்தாளுக்குத் தள்ளிவிட்டுர்ற?"

"அதாம்மா என் வேலை."

"சரி. அந்த ஒசந்த தம்பி ஒன்னயப் பாத்து 'வெரசா, வெரசா'ன்னு கத்துதே, அதுக்குத் தமிழ் தெரியுமா?"

"அந்த ஒரு வார்த்தைதாம்மா தெரியும்."

ஊரிலிருந்து எனக்காகக் கொண்டுவந்திருந்த பேரிக்காய்ப் பையை அம்மா அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஈர மைதானத்தில் ஒருவன் சறுக்கிக்கொண்டு வந்து என் முட்டியில் மோதினான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டாக்டர், நேராக ஓடலாம், சட்டென்று திரும்புவது கஷ்டம் என்றார். திரும்பாமல் நடுவில் ஆட முடியாது. இருந்தாலும் சின்ன கிளப்களில் சில வருஷம் ஒப்பேற்றிப் பார்த்தேன். என்னைவிட மெதுவான பையன்களெல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு கோடையில் பூட்ஸை என்னோடு அறையில் தங்கியிருந்தவனிடம் கொடுத்துவிட்டு மலைக்கு பஸ் ஏறினேன்.

இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியருக்கு உதவியாளன். ஓட முடிகிறது. இறக்கத்தில் நடக்கும்போது மட்டும் முட்டி கொஞ்சம் தகராறு செய்யும்.