ஆணி பிடித்த பல்

சோபா தைப்பதில் அவருக்கு இணை அவர்தான். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம்கூட உட்காராதவர், சொந்தக் கையை நம்பிப் பட்டறை வைத்தவர். குட்டி ஆணிகளை வாய் நிறைய அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக முன்பல்லால் கடித்து எடுத்துச் சட்டத்தில் அடிப்பார். மற்றவர்கள் ஒரு நாற்காலி முடிப்பதற்குள் அவர் மூன்றை முடித்துவிடுவார். அந்த முன்பல்தான் இப்போது ஆட ஆரம்பித்திருந்தது.

பல் டாக்டரம்மா ஈறைத் தொட்டதுமே ரத்தம் கசிந்தது.

"ஐயா, இந்தப் பக்கம் தேய்க்கிறதே இல்லையா?"

"ரத்தம் வர்ற இடத்துல எவனாவது தேய்ப்பானா? ரெண்டு வருஷமா பிரஷ்ஷே படாம பத்திரமா வச்சிருக்கேன்!"

"அழுக்கு தங்குறதாலதான் ரத்தமே வருது. உள்ள எலும்பும் கரைஞ்சிருக்கு."

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் கூட வந்த மனைவி. "எனக்கே சொல்லித் தர்றியான்னு எரிஞ்சு விழுந்தாரு."

டாக்டரம்மா பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். மெத்தென்ற பிரஷ்ஷால் ஈறோரம் தினம் இருவேளை தேய்க்கவும், பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யவும் சொன்னார்.

இரண்டே வாரத்தில் ரத்தம் நின்றது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது கேட்டார்.

"இவ்வளவுதானா? இதை அப்பவே செஞ்சிருந்தா?"

"இப்பவும் பல் விழாம நிக்கும். ஆனா போன எலும்பு வராது. இனிமே ஆணி கடிக்கக் கூடாது."

இப்போது ஆணிகள் டப்பாவில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குனிந்து எடுக்கிறார். நாளெல்லாம் ஒரு நாற்காலிதான் முடிகிறது. குனியும்போதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார்.